பெண் சிறுநீரகம் தப்பித்துவிடுகிறதா? கருக்கால ஹார்மோன் குலைவும் பால் வேறுபாடும்

கேள்வி இதுதான்: கருவிலோ பிறந்த புதிதிலோ ஹார்மோன்கள் குலைந்தால் ஆண் பிள்ளையின் சிறுநீரகம்தான் பாதிக்கப்படும், பெண் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் காரணம் என்ன?

பாதிதான் உண்மை. ஆண் விலங்குகளில் பாதிப்பு முன்னதாகவும் கடுமையாகவும் தெரிகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் பெண் விலங்கின் சிறுநீரகம் முழுமையாக வளர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. பல சோதனைகளில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகளில் ஏற்படும் இழப்பு இரு பாலுக்கும் ஏறக்குறைய சமமாகவே நேர்கிறது. அந்த இழப்பு எந்த வயதில் நோயாக வெளிப்படுகிறது என்பதில்தான் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள். இதை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மனிதக் கருவில் ஏறத்தாழ 5-ஆம் வாரத்தில் நிரந்தரச் சிறுநீரகம் உருவாகத் தொடங்குகிறது. கருவின் தற்காலிகச் சிறுநீரகத்துக்குரிய குழாயான இடைச்சிறுநீரக நாளத்திலிருந்து ஒரு சிறு மொட்டு கிளம்பி, அருகில் இருக்கும் செல் திரளுக்குள் நுழைகிறது. அந்தத் திரள் ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து மொட்டை அழைக்கிறது. மொட்டின் நுனியில் உள்ள ரெட் என்ற ஏற்பி அந்த அழைப்பைக் கேட்டுக் கிளைவிடுகிறது. கிளை மேல் கிளையாகப் பிரியும்போது ஒவ்வொரு நுனியின் அருகிலும் நெஃப்ரான்கள் தோன்றுகின்றன. இரத்தத்தை வடிகட்டிச் சிறுநீரை உருவாக்கும் நுண்ணிய அலகுதான் நெஃப்ரான். 9-ஆம் வார அளவில் முதல் நெஃப்ரான்கள் தெரிகின்றன. 36-ஆம் வாரத்துக்குள் பணி முடிந்துவிடுகிறது. மொத்த நெஃப்ரான்களில் பாதிக்கும் மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் உருவாகின்றன. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் ஒரு புதிய நெஃப்ரான்கூடத் தோன்றுவதில்லை. தோல் புதுப்பித்துக்கொள்கிறது, கல்லீரல் மீண்டும் வளர்கிறது. நெஃப்ரான் எண்ணிக்கைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கருக்காலத்தில் நேர்ந்த சிறு தடங்கல் ஐம்பது வயதில் பேசப்படுவது இதனால்தான்.

எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சராசரியாக ஒரு சிறுநீரகத்தில் 9 முதல் 10 லட்சம் நெஃப்ரான்கள் என்று சொல்வார்கள். ஆனால் இறந்தவர்களின் சிறுநீரகங்களைக் கவனமாக எண்ணிப் பார்த்த ஆய்வுகளில் 2 லட்சத்திலிருந்து 25 லட்சத்துக்கும் மேல் வரை வேறுபாடு தெரிந்தது. பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடினால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் நெஃப்ரான்கள் கூடுகின்றன என்றும் கணித்தார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடச் சராசரியாகச் சற்றுக் குறைவு.

நெஃப்ரான்கள் குறைவாக இருந்தால் மீதமுள்ளவை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் சுமக்க வேண்டிய பாரத்தை ஆறு பேர் சுமப்பது போன்ற நிலை அது. ஒவ்வொரு நெஃப்ரானின் வடிகட்டும் முடிச்சிலும் அழுத்தம் ஏறுகிறது, முடிச்சு பெருக்கிறது, காலப்போக்கில் தழும்பேறி அழிகிறது. மீதிப் பேரின் சுமை இன்னும் கூடுகிறது. பிறவியிலேயே நெஃப்ரான்கள் குறைவாக இருப்பதுதான் உயர் இரத்த அழுத்தத்துக்கு ஒரு வேர் என்று சிறுநீரகவியல் அறிஞர் பிரென்னரும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் முன்வைத்தார்கள். 2003-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று அதற்கு வலுச்சேர்த்தது. விபத்தில் இறந்தவர்களில் உயர் இரத்த அழுத்தம் இருந்த 10 பேரையும் இல்லாத 10 பேரையும் ஒப்பிட்டபோது, முதல் குழுவின் நடு மதிப்பு ஒரு சிறுநீரகத்துக்கு 7 லட்சம் அளவில் இருந்தது. இரண்டாம் குழுவில் 14 லட்சம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டு மடங்கு வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது.

இனி ஹார்மோன்களுக்கு வருவோம். கருவின் சிறுநீரகத்தைக் குலைக்கும் ஹார்மோன் என்றால் பலருக்கும் முதலில் டெஸ்டோஸ்டீரானும் ஈஸ்ட்ரோஜனுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட குற்றவாளி அவை அல்ல. மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால்தான். தாயின் இரத்தத்தில் கார்ட்டிசால் அளவு கருவில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது அப்படியே உள்ளே போகாமல் நஞ்சுக்கொடியில் இருக்கும் 11-பீட்டா-எச்.எஸ்.டி. வகை 2 என்ற நொதி தடுக்கிறது. கார்ட்டிசாலைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. தாய்க்குக் கடும் ஊட்டக்குறைவு ஏற்பட்டால் இந்த நொதி தளர்கிறது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினும் இதைத் தடுக்கிறது. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற செயற்கை ஸ்டீராய்டுகளை இந்த நொதியால் திறம்பட மாற்ற முடிவதில்லை; அவை கருவை எளிதில் எட்டுகின்றன.

கருவில் கார்ட்டிசால் மிகுந்தால் என்ன ஆகிறது? செல்கள் பெருகுவதை நிறுத்திக்கொண்டு முன்கூட்டியே முதிரத் தொடங்குகின்றன. குறைப்பிரசவம் நேரும் என்று அஞ்சும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது இந்தக் குணத்தை நம்பித்தான்; கருவின் நுரையீரல் விரைவில் முதிர்ந்து மூச்சுவிடத் தயாராகிறது. நுரையீரலுக்கு நன்மை செய்யும் அதே குணம், இன்னும் கிளைவிட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு எதிராக வேலை செய்கிறது. ஜி.டி.என்.எஃப். அளவு குறைகிறது, மொட்டு கிளைவிடுவது குறைகிறது, நெஃப்ரான்கள் குறைகின்றன.

ஆட்டில் செய்த சோதனை இதை உறுதியாகக் காட்டியது. ஆட்டின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 150 நாள். 26-ஆம் நாளுக்குப் பிறகு இரண்டே நாள் டெக்சாமெத்தசோன் கொடுத்தார்கள். நிரந்தரச் சிறுநீரகம் அப்போதுதான் தொடங்குகிறது. பிறந்து வளர்ந்த ஆடுகளில் நெஃப்ரான் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. இரத்த அழுத்தமும் உயர்ந்திருந்தது. இரண்டு நாள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த நஞ்சல்ல அது. தொடக்க நேரத்தில் விழுந்த ஒரே ஒரு அடி.

பால் வேறுபாடு இங்கே எப்படி வருகிறது? எலிகளில் கார்ட்டிசாலின் இடத்தில் இருக்கும் ஹார்மோன் கார்ட்டிகோஸ்டீரான். கர்ப்பிணி எலிகளுக்குக் குறுகிய காலம் அதைக் கொடுத்த ஆய்வில் ஆண் குட்டிகளுக்கும் பெண் குட்டிகளுக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நெஃப்ரான் குறைந்தது. அதாவது அடி பலமாக இருந்தால் இரு பாலும் சமமாகவே இழக்கின்றன. அடி மிதமாக இருக்கும்போது படம் மாறுகிறது. தாய் எலியின் உணவில் புரதத்தை மிதமாகக் குறைத்த சோதனையில் ஆண் குட்டிகளுக்கு நெஃப்ரான் குறைந்து இரத்த அழுத்தமும் ஏறியது. பெண் குட்டிகளுக்கு இரண்டும் நிகழவில்லை. புரதத்தை மேலும் கடுமையாகக் குறைத்தபோது பெண் குட்டிகளும் விழுந்தன. புரதக் குறைவு நஞ்சுக்கொடியின் கார்ட்டிசால் தடுப்பைத் தளர்த்துகிறது என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது. எனவே இதுவும் ஓரளவு ஹார்மோன் வழியாகவே நடக்கிறது. பெண் கரு எதையும் தாங்கும் என்பதல்ல இதன் முடிவு. அது வீழ்வதற்கு வேண்டிய அடியின் அளவு சற்று அதிகம், அவ்வளவுதான்.

அந்தக் கூடுதல் தாங்குதிறனின் ஒரு பகுதி நஞ்சுக்கொடியில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அதன் பெரும்பகுதி கருவின் செல்களால் ஆனது. கரு ஆணாக இருந்தால் நஞ்சுக்கொடியும் ஆண்தான். ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் ஒரு போக்கு தெரிந்தது. தாயின் உடல்நிலை மோசமாகும்போது பெண் கரு தன் வளர்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஆண் கரு ஏதும் நடக்காததுபோல் வளர்ந்துகொண்டே போகிறது. அடுத்த நெருக்கடி வந்தால் அதற்குக் கைவசம் இருப்பு இல்லை. குறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகள் பெண் குழந்தைகளைவிட அதிகம் தத்தளிப்பதை எந்த நாட்டுப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் பார்க்கலாம்.

ஆனால் கேள்வியின் மையம் கருப்பைக்குள் முடிந்துவிடவில்லை. பிறந்த பிறகு நடப்பதுதான் முக்கியம் என்று காட்டிய சோதனைத் தொடர் ஒன்று அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பார்பரா அலெக்சாண்டரின் குழு செய்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வுத் தொடரைப் படிக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

கர்ப்பிணி எலியின் கருப்பைக்குப் போகும் இரத்தத்தைப் பாதிக் கர்ப்பத்துக்குப் பின் குறைத்தார்கள். எடை குறைந்த குட்டிகள் பிறந்தன. பருவமடையும் முன்பு ஆண், பெண் இரு குட்டிகளுக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. பருவமடைந்த பிறகு ஆண் எலிகளில் அது நிலைத்தது. பெண் எலிகளில் இயல்புக்குத் திரும்பியது. இங்கேயே நிறுத்தியிருந்தால் பெண் எலிகள் குணமாகிவிட்டன என்று எழுதி முடித்திருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. ஆண் எலிகளின் விதைப்பைகளை அகற்றிப் பார்த்தார்கள். உயர் இரத்த அழுத்தம் மறைந்தது. வளர்ச்சி குன்றிப் பிறந்த அந்த ஆண் எலிகளில் டெஸ்டோஸ்டீரான் வழக்கத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்ததும் தெரிந்தது. பிறகு பெண் எலிகளின் சூலகங்களை அகற்றினார்கள். கருவில் பாதிக்கப்படாத பெண் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதிக்கப்பட்ட பெண் எலிகளுக்கோ இரத்த அழுத்தம் ஏறியது. ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொடுத்ததும் இறங்கியது. இரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்தும் அந்த ஏற்றத்தை நீக்கியது. சூலகம் எதையும் அகற்றாமல் பெண் எலிகளை ஒரு வயதுவரை வளர்த்தபோதும், முதுமையை நெருங்கும் அந்த வயதில், தானாகவே இரத்த அழுத்தம் ஏறியது.

இதன் பொருள் தெளிவானது. கருவில் ஏற்பட்ட தடம் பெண் எலியின் உடலிலும் அழியாமல் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் அதை மறைத்து வைத்திருந்தது. டெஸ்டோஸ்டீரான் ஆண் எலியில் அதை ஊதிப் பெருக்கியது. இளம் வயதுப் பெண் விலங்குகளை மட்டும் அளந்துவிட்டுப் பாதிப்பில்லை என்று முடிவுகட்டும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடு படிப்பது இதனால்தான்.

ஈஸ்ட்ரோஜன் எப்படி மறைக்கிறது? பெரும்பங்கு, உடலின் இரத்த அழுத்தத்தையும் உப்பையும் ஒழுங்குபடுத்தும் ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பில் இருக்கிறது. இந்த அமைப்புக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று நாளங்களைச் சுருக்கி, உப்பைப் பிடித்து வைத்து, தழும்பை வளர்ப்பது. ஆஞ்சியோடென்சின் 2 தன் முதல் வகை ஏற்பியின் வழியாகச் செய்யும் வேலை அது. மற்றொன்று அதற்கு எதிராக நாளங்களைத் தளர்த்துவது. இரண்டாம் வகை ஏற்பியும், ஏ.சி.இ.2 என்ற நொதியும், அது உருவாக்கும் ஆஞ்சியோடென்சின் 1-7 என்ற துணுக்கும் இந்தப் பக்கம். ஈஸ்ட்ரோஜன் தளர்த்தும் கையை வலுப்படுத்துகிறது, டெஸ்டோஸ்டீரான் சுருக்கும் கையை வலுப்படுத்துகிறது. இரண்டாம் வகை ஏற்பிக்கான மரபணுவும் ஏ.சி.இ.2-க்கான மரபணுவும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. எனவே வேறுபாடு முழுவதையும் சூலகத்தின் கணக்கிலோ விதைப்பையின் கணக்கிலோ எழுதிவிட முடியாது.

இதே அமைப்பு சிறுநீரகம் உருவாவதற்கும் இன்றியமையாதது. கருவில் இது தடுக்கப்பட்டால் சிறுநீரகம் வளர்வதே நின்றுபோகும். இரத்த அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் ஏ.சி.இ. தடுப்பான்களையும், ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான்களையும் கர்ப்பகாலத்தில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். இவை கருவின் சிறுநீரை வற்றச்செய்து, பனிக்குட நீரைக் குறைத்து, குழந்தையின் சிறுநீரகக் குழல்களையே வளரவிடாமல் செய்யக்கூடியவை. தாய்க்கு நன்மை செய்யும் மருந்து, இன்னும் உருவாகாத நெஃப்ரானுக்கு எதிரி. இங்கே பால் வேறுபாட்டைப் பேசும் நிலையே இல்லை. இரு பாலும் ஒரேபோல் கெடும்.

வளர்ந்த சிறுநீரகத்தின் வேலைமுறையிலும் ஆணும் பெண்ணும் ஒன்றல்ல. எலிகளில் பெண் சிறுநீரகம் உப்பை முன்பகுதிக் குழலில் குறைவாகவும் பின்பகுதிக் குழலில் கூடுதலாகவும் உறிஞ்சுகிறது. அதனால் அதிக உப்பும் நீரும் ஏற்றினால் பெண் எலி விரைவாக வெளியேற்றிவிடுகிறது. சுண்டெலியில் ஆணின் சிறுநீரகம் பெரியது; பருவமடையும் காலத்தில் டெஸ்டோஸ்டீரான் அதை வளர்க்கிறது, விதைப்பையை அகற்றினால் சுருங்குகிறது. முன்பகுதிக் குழல் செல்களில் பல நூறு மரபணுக்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு அளவில் இயங்குவதும், அதில் பெரும்பகுதியை ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டீரான் போன்ற ஆண் ஹார்மோன்) ஏற்பி நேரடியாக நடத்துவதும் அண்மை ஆண்டுகளில் தெரியவந்தன. நெஃப்ரான் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், அந்த நெஃப்ரான்கள் சுமையை எதிர்கொள்ளும் விதம் வேறு என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

பாலியல் ஹார்மோன்கள் கருக்காலத்திலேயே சிறுநீரக வளர்ச்சியில் தலையிடுமா? இதற்கு உடலமைப்பே ஒரு குறிப்பைத் தருகிறது. சிறுநீரக மொட்டு கிளம்பும் இடைச்சிறுநீரக நாளம் ஆண் கருவில் டெஸ்டோஸ்டீரானால் காப்பாற்றப்பட்டு விந்து நாளமாகிறது. பெண் கருவில் மறைகிறது. கருப்பை உருவாகும் முல்லர் நாளம் அதை ஒட்டியே வளர்கிறது. ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாமல் பிறக்கும் பெண்களுக்குக் கருப்பை, பிறப்புறுப்பு அமைப்பிலும் குறை இருப்பது அரிதல்ல. அதனால்தான் ஒரு பெண் குழந்தைக்கு ஒற்றைச் சிறுநீரகம் என்று தெரிந்தால், பருவமடையும் வயதில் கருப்பையையும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறோம். பிறவிச் சிறுநீரக, சிறுநீர்ப்பாதைக் குறைபாடுகள் மொத்தத்தில் ஆண் குழந்தைகளுக்கே அதிகம். கருவிலேயே சிறுநீரகம் வீங்கித் தெரிவதும் ஆண்களில் ஏறத்தாழ இரு மடங்கு. சிறுநீர்ப்புறவழியின் பின் வால்வு என்ற அடைப்பு ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும். உடலமைப்பே அதற்குக் காரணம்.

காலமும் பொருந்தி வருகிறது. ஆண் கருவின் விதைப்பை 8-ஆம் வார அளவில் டெஸ்டோஸ்டீரான் சுரக்கத் தொடங்குகிறது. முதல் நெஃப்ரான்கள் தோன்றும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. ஆண் உறுப்புகள் வடிவம் பெறும் வாரங்களும் சிறுநீரகம் கிளைவிடும் வாரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் குறித்த கவலை இங்கிருந்துதான் எழுகிறது.

அவற்றில் அதிகம் பேசப்படுபவை தாலேட்டுகள். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பவை. மருத்துவக் குழாய்களிலும் இரத்தப் பைகளிலும்கூட நெடுங்காலம் பயன்பட்டவை. இவற்றில் டி.இ.எச்.பி. என்ற தாலேட் ஆண் எலிக் கருவில் டெஸ்டோஸ்டீரான் உற்பத்தியைக் குறைப்பது நன்கு நிறுவப்பட்டது. கர்ப்பிணி எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது குட்டிகளுக்கு நெஃப்ரான் எண்ணிக்கை குறைந்ததும், ரெனின்–ஆஞ்சியோடென்சின் அமைப்பு பிறந்த காலத்தில் மந்தப்பட்டதும், பின்னர் இரத்த அழுத்தம் ஏறியதும் 2012-இல் வெளியான ஆய்வில் பதிவாயின. ஆனால் எலிக்குக் கொடுத்த அளவுகள் மனிதர் அன்றாடம் எதிர்கொள்ளும் அளவைவிட மிக அதிகம். அந்த எண்களை அப்படியே மனிதனுக்குப் பெயர்த்துவிடக் கூடாது. எனக்குக் கவலை தருவது வேறொரு பொருத்தம். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த பின்னும் சுமார் 40 நாள் வரை நெஃப்ரான்கள் உருவாகக்கூடும். அதே வாரங்களில்தான் குட்டிப் பருவமடைதல் என்று சொல்லப்படும் ஹார்மோன் ஏற்றமும் தொடங்குகிறது. ஆண் குழந்தைக்கு டெஸ்டோஸ்டீரானும், பெண் குழந்தைக்குச் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனும் உயர்கின்றன. அந்தக் குழந்தை அப்போது கிடப்பதோ மென்பிளாஸ்டிக் குழாய்கள் சூழ்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவில். தாலேட் இல்லாத குழாய்களுக்கு முதலில் மாற வேண்டிய இடம் இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிஸ்பினால் ஏ பற்றியும் கேட்பார்கள். அது ஈஸ்ட்ரோஜனைப் போல் நடிக்கும் பொருள். அதன் அன்றாட ஏற்பு அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமுக்கு, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மீதான விளைவே அதற்கு அடிப்படை, சிறுநீரகம் அல்ல. எனவே இந்தக் குறைப்பைச் சிறுநீரகப் பாதிப்புக்குச் சான்றாகக் காட்டுவது சரியாகாது.

பால் வேறுபாட்டை மிகத் துலக்கமாகக் காட்டும் வேதிப்பொருள் பி.எஃப்.ஓ.ஏ. ஒட்டாத பாத்திரப் பூச்சுகளின் தயாரிப்பில் பயன்பட்ட, எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மம் அது. பெண் எலி இதைச் சில மணி நேரத்தில் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. ஆண் எலிக்குப் பல நாள் ஆகிறது. காரணம் சிறுநீரகக் குழலில் இருக்கும் கடத்திப் புரதங்கள். ஆண் ஹார்மோன் இருக்கும்போது, வெளியே போக வேண்டிய பி.எஃப்.ஓ.ஏ.வைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்திகள் மிகுதியாக இருக்கின்றன. விதைப்பையை அகற்றினால் ஆண் எலியும் வேகமாக வெளியேற்றுகிறது. மனிதரிலோ ஆண், பெண் இருவருக்கும் இது உடலில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. எலியில் காணும் பெரும் பால் வேறுபாடு மனிதரில் இல்லை. இந்த ஒரு எடுத்துக்காட்டில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஹார்மோன் குலைவு சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மட்டுமே பேசுகிறோம். சிறுநீரகத்தின் பால்தன்மை, குலைக்கும் பொருள் உடலில் எவ்வளவு காலம் தங்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. இரண்டாவது, எலியில் கண்ட பால் வேறுபாட்டை மனிதனுக்கு நீட்டும் முன் கடத்திகளைப் பார்க்க வேண்டும்.

தைராய்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிறவித் தைராய்டு குறைவு உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரக, சிறுநீர்ப்பாதைக் குறைபாடுகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகம் காணப்படுகின்றன. தைராய்டு குறைவு பெண் குழந்தைகளில் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், பெண் தப்பித்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு.

மனிதச் சான்றுகள் எவ்வளவு உறுதி? பிறப்பு எடை குறைவுக்கும் பிற்காலச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியானது. 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எடை குறைந்து பிறந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோயின் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. நார்வேயில் 1967 முதல் பிறந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவேட்டைப் பார்த்த ஆய்வும், மிகக் குறைந்த எடையில் பிறந்த பத்தில் ஒரு பங்கினருக்கு இறுதிநிலைச் சிறுநீரகச் செயலிழப்பின் வாய்ப்பு 1.7 மடங்கு என்றது. எடை குறைவுக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஹார்மோன் குலைவின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி அஞ்சுவோர் இதையும் கேட்க வேண்டும். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் வெளியிட்ட முதல் சோதனையில், பீட்டாமெத்தசோன் ஊசி குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலைக் குறைத்தது. அந்தக் குழந்தைகளை 30 வயதில் மீண்டும் அழைத்து அளந்தபோது, ஊசி பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் இரத்த அழுத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆட்டில் ஊசி விழுந்த நேரம் சிறுநீரகத்தின் தொடக்கம். மனிதரில் போடப்படுவது பெரும்பாலும் 24-ஆம் வாரத்துக்குப் பிறகு, அதுவும் ஒரு குறுகிய சுற்று. குறைப்பிரசவம் உறுதியாக நெருங்கும்போது மருத்துவர் அந்த ஊசியைப் பரிந்துரைத்தால் சிறுநீரகத்தை நினைத்து மறுக்காதீர்கள். மூச்சுவிட முடியாத குழந்தைக்கு நெஃப்ரான்களால் பயனில்லை. தேவையின்றித் திரும்பத் திரும்பப் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது பலரும் மறக்கும் ஒன்று உண்டு. எலிக்குப் பிறந்து ஒரு வாரம், பத்து நாள் வரை நெஃப்ரான்கள் உருவாகின்றன. சுண்டெலிக்கு மூன்று நான்கு நாள். மனிதனுக்குப் பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. எனவே பிறந்த எலிக்குட்டிக்குக் கொடுத்த ஹார்மோன் மனிதரில் கர்ப்பத்தின் நடு, கடைசிப் பகுதிக்குச் சமம். கைக்குழந்தைப் பருவத்துக்கு அல்ல. குறைமாதக் குழந்தைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இன்னொரு குறையும் இந்தத் துறையை நெடுங்காலம் வாட்டியது. செலவையும் சூலகச் சுழற்சியின் சிக்கலையும் காரணம் காட்டி ஆண் விலங்குகளை மட்டும் வைத்து ஆய்வு செய்தார்கள். இல்லாவிட்டால் இரு பாலின் எண்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். பாலை ஓர் உயிரியல் காரணியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நிதி விதியாகவே கொண்டுவந்தது 2016-இல்தான். பெண் சிறுநீரகம் பற்றிய நம் அறிவு பின்தங்கியிருப்பதற்கு இந்தப் புறக்கணிப்பே முதற்காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

வாழ்நாள் முழுவதையும் வைத்துப் பார்த்தால், நாள்பட்ட சிறுநீரக நோய் பெண்களில் அதிகம் பேருக்குப் பதிவாகிறது. ஆனால் வேகமாக முற்றி டயாலிசிஸ் வரை செல்வோரில் ஆண்களே அதிகம். எலியில் கண்ட படத்தோடு இது பொருந்துகிறது.

நடைமுறையில் என்ன செய்வது என்றும் கேட்கலாம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்து பிறந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்தவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும் சிறுவயது முதலே இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். வலிநிவாரணி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கக் கூடாது. ஆண் பிள்ளைகளுக்குப் பருவமடையும் வயதுக்குப் பிறகு கூடுதல் கவனம் தேவை. பெண்களுக்கு இரண்டு காலங்கள் முக்கியமானவை. ஒன்று கர்ப்பம்: குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறந்த பெண்களுக்குக் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தின் வாய்ப்பு அதிகம் என்பதால், தன் பிறப்பு எடையை மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. மற்றொன்று மாதவிடாய் நின்ற பின்வரும் ஆண்டுகள். நாற்பது வயதுவரை எல்லா அளவுகளும் சரியாக இருந்த பெண்ணுக்கு, மாதவிடாய் நின்றபின் இரத்த அழுத்தம் ஏறினால், அதை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல், அவர் எந்த எடையில், எந்த மாதத்தில் பிறந்தார் என்றும் மருத்துவர் கேட்க வேண்டும்.